பிரேக் நன்றாகத்தான் இருந்தது

அண்ணிக்கு அழுகை வரவில்லை. வரும், வரும் என்று ஒரு வாரமாகக் காத்திருந்தாள். பல் மருத்துவர் ஊசி போட்டு அனுப்பிய பிறகு கன்னம் இருக்குமே, தட்டினால் சத்தம் கேட்கும், வலி தெரியாது. உடம்பு முழுக்க அவளுக்கு அப்படி இருந்தது.

அன்று காலையும் அப்படியே எழுந்தாள். அப்படியே வந்து ஒர்க் ஷாப்பின் ஷட்டரைத் தூக்கினாள். பின்பக்கம் தார்ப்பாய் போர்த்தி நின்ற காரைப் பார்க்காமல் மேஜைக்கு வந்து, போனைத் துடைத்து, நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவளைத் தெரியும். இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒர்க் ஷாப் அண்ணன், தம்பி இரண்டு பேருடையது. மூத்தவரைப் பெரியவர் என்பார்கள், இளையவரைச் சின்னவர் என்பார்கள். பெரியவரின் மனைவிதான் முன்மேஜையில் உட்கார்ந்து போன் எடுப்பவள். சின்னவர் நாள் முழுக்க “அண்ணி, அண்ணி” என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். மூக்குக்கண்ணாடி செய்து தரும் கண்ணாடிக்கடைக்காரருக்கும் அண்ணி, அவர் மகளுக்கும் அண்ணி. உறவுமுறை எப்படி ஒத்துவரும் என்று யாரும் கவலைப்பட்டதில்லை.

தார்ப்பாய்க்குக் கீழே நின்றது அந்தக் கண்ணாடிக்கடைக்காரரின் கார்தான். இங்கே பிரேக் வேலை முடிந்து போன மறுநாள், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சரிவில் நிற்காமல் இறங்கிச் சுவரில் மோதியது. ஓட்டியவள் மகள். பக்கத்து சீட்டில் அம்மா. மகளுக்குக் கீறல்கூட இல்லை. அம்மாவுக்கு இடுப்பு எலும்பு உடைந்து, ஆபரேஷன் ஆகி, ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

நசுங்கிய வண்டியையும் அந்த மனுஷர் இங்கேதான் இழுத்துவரச் சொன்னார். “உங்களை விட்டா வேற யார்கிட்ட கொடுப்பேன்?” என்றார்.

அந்த வார்த்தை கேட்ட அன்றிலிருந்துதான் அண்ணிக்கு மரத்துப் போனது.

“அண்ணி, ஒரு நிமிஷம் வாங்க.”

பின்பக்கத்திலிருந்து சின்னவர் குரல். போனாள். தார்ப்பாய் விலகியிருந்தது. ஜாக்கி போட்டு முன்சக்கரம் ஒன்றைக் கழற்றிச் சாய்த்து வைத்திருந்தார். சக்கரம் இருந்த இடத்துக்குப் பின்னால் கட்டை விரல் பருமனில் ஒரு ரப்பர் குழாய். பிரேக் எண்ணெய் அது வழியாகத்தான் போகும். நடுவில் பலூன் மாதிரி வீங்கி, வீங்கிய இடம் நீளமாகக் கிழிந்திருந்தது.

“பாத்தீங்களா?”

“பாக்கறேன்.”

“நான் அன்னிக்கே சொன்னேன் அண்ணி. பிரேக் பேட் மாத்தும்போதே இந்த ஹோஸ் வீங்கியிருக்குன்னு அண்ணன்கிட்ட சொன்னேன்.”

“எனக்குத் தெரியும். நானும் பக்கத்துலதானே நின்னேன்.”

சின்னவர் தலையைச் சொறிந்தார். சக்கரம் கழற்றுவதற்கு முன்னால் இருவருக்குமே தெரிந்த விஷயம்தான். ஆனால் தெரிந்ததைக் கண்ணால் பார்ப்பது வேறு. தன் உடம்பு நடுங்குகிறதா என்று அண்ணி கவனித்தாள். இல்லை. கை காய்ந்து, சில்லென்று, யாரோ கை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

பெரியவர் வந்து நின்றதை இருவரும் கவனிக்கவில்லை.

“என்ன வேடிக்கை? புது ஹோஸ் வந்தாச்சு, மேஜை மேல இருக்கு. இதைக் கழட்டிட்டு அதை மாட்டு. மாட்டிட்டு எண்ணெய் ஊத்தி, பிரேக் மிதி கெட்டியா நிக்குதான்னு பாத்துடு. அப்புறம்தான் பாடி வேலை.”

“பழசு?” என்றார் சின்னவர்.

“பழசு எதுக்கு? தூக்கிப் போடு.”

சொல்லிவிட்டு அவர் முன்பக்கம் போய்விட்டார். கோபமாகச் சொல்லவில்லை. வழக்கமாக வேலை சொல்கிற அதே குரல். அதுதான் அண்ணிக்கு விசித்திரமாக இருந்தது. இந்த வீட்டில் மரத்துப் போனது தனக்கு மட்டுமில்லையோ என்று தோன்றியது.

கண்ணாடிக்கடைக்காரர் வெயில் ஏறும் நேரத்துக்கு வந்தார். சவரம் செய்யாத முகம். கையில் ஒரு சின்னப் பெட்டி.

“உங்க கண்ணாடி, பெரியவரே. போன வாரமே ரெடி. கொண்டுவந்து கொடுக்கத்தான் முடியல. போட்டுப் பாருங்க, காதுல இடிக்குதான்னு சொல்லுங்க.”

பெரியவருக்குப் படிக்கிற கண்ணாடி. வாங்கிப் போட்டுக்கொண்டார். கண்ணாடிக்கடைக்காரர் எட்டி நின்று பார்த்து, கிட்ட வந்து, கம்பியைக் காதுக்குப் பின்னால் லேசாக வளைத்துவிட்டார். தொழில்காரர் கை. பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் இருந்தாலும் கை தன் வேலையைச் செய்கிறது.

“இப்ப சரியா இருக்கா?”

“சரியா இருக்கு. எவ்வளவு…”

“அதெல்லாம் அப்புறம்.” அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு வந்தேன். மறைக்காம சொல்லுங்க.”

அண்ணி போனைப் பார்த்தபடி இருந்தாள். அது அடிக்கவில்லை.

“வீட்ல பேச்சே இல்ல. என் பொண்ணு, அந்த வாலு, உங்களுக்குத் தெரியுமே, வாயை மூடவே மாட்டா. இப்ப நாலு தடவை கேட்டா ஒரு தடவை தலையாட்டறா. லைசென்ஸைக் கத்தரியால வெட்டிப் போட்டுட்டா. ஆஸ்பத்திரிக்குத் தினம் வரா, ஆனா ரூமுக்குள்ள வரமாட்டேங்கறா. வெளியில பெஞ்சுல உட்கார்ந்திருக்கா. அவங்கம்மா உள்ள இருந்து பேரைச் சொல்லிக் கூப்பிடறா, இவ எழுந்திருக்க மாட்டேங்கறா.”

“பயந்திருக்கும். சின்னப் பொண்ணுதானே,” என்றார் பெரியவர்.

“பயம் இல்லீங்க. பிரேக்குன்னு நினைச்சு ஆக்சிலேட்டரை மிதிச்சுட்டேன், நான்தான் அம்மாவை இப்படிப் பண்ணிட்டேங்கறா. அங்க நின்னவங்க அப்படித்தான் சொன்னாங்களாம். புதுசா ஓட்டறவங்க எல்லாம் பண்ற தப்பாம். ஆனா முதல் நாள் என்கிட்ட அழுதுக்கிட்டே வேற மாதிரி சொன்னா. மிதிச்சேன்ப்பா, அடி வரைக்கும் போச்சு, வண்டி நிக்கலன்னா. அதான் கேக்கறேன். வண்டி உங்ககிட்டதான் இருக்கு. பிரிச்சுப் பாத்திருப்பீங்க. பிரேக்குல ஏதாவது இருந்துச்சா?”

பின்பக்கம் சுத்தியல் சத்தம் நின்றது.

பெரியவர் புதுக் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். “பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு,” என்றார்.

கண்ணாடிக்கடைக்காரர் அண்ணியையும் பார்த்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று முடிவு செய்து திறக்காமல் இருந்தாளா என்றால், அதுவும் இல்லை. வாய் இருப்பதே ஞாபகம் வரவில்லை.

“அப்படியா.” அவர் எழுந்தார். “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நான்தான் ஏதோ ஒரு ஆசையில… சரி, அவகிட்டயும் இனிமே கேக்கறதை நிறுத்திடறேன். தப்பு தப்புதான், தூக்கிக்கிட்டு நடக்கக் கத்துக்கட்டும்.”

வாசல்வரை போனவர் திரும்பினார்.

“கண்ணாடி ரெண்டு நாள் கண்ணை இழுக்கற மாதிரி இருக்கும். அப்புறம் பழகிடும்.”

மத்தியானம் பின்னறையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. சாப்பாட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். அண்ணி பரிமாறினாள். சூடான பாத்திரத்தை வெறும் கையால் பிடித்திருக்கிறோம் என்பது கீழே வைத்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

“அந்தப் பொண்ணு உள்ள போகமாட்டேங்குதாம்,” என்றாள்.

“கேட்டேனே.”

“அடி வரைக்கும் போச்சுன்னு சொல்லியிருக்கு. அடி வரைக்கும் போறது எதுன்னு உங்களுக்குத் தெரியும்.”

பெரியவர் மெல்லுவதை நிறுத்தினார்.

“அன்னிக்கு நான் ஏன் சொல்லலன்னு உனக்குத் தெரியாதா? மஞ்ச வேன்காரன் நடுத்தெருவுல நின்னு கத்தினானே, மறந்துட்டியா? இல்லாத வேலையை இருக்குன்னு சொல்லி ஏமாத்தறோம்னு. நிஜமாவே தேஞ்சு போன பெல்ட்டுக்கு. ஒரு மாசம் ஒருத்தன் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. அன்னிலேர்ந்து ஒருத்தர்கிட்ட ரெண்டாவது வேலை சொல்லணும்னாலே எனக்குத் தொண்டை அடைக்குது.”

“இவர் வேன்காரர் இல்லையே.”

“காலையிலதான் பேட் மாத்தணும்னு போன் பண்ணியிருக்கோம். சாயங்காலம் ஹோஸும் போச்சுன்னா என்ன நினைப்பார்? ஸ்டாக் வேற இல்ல. அவங்களுக்கு மறுநாள் வண்டி அவசியம் வேணும். ஒரு மாசம் தாங்கும்னு கணக்குப் போட்டேன். அடுத்த தடவை வரும்போது பக்குவமா சொல்லிக்கலாம்னு நினைச்சேன்.”

“நீங்க நினைச்சீங்க. ஓட்டலாமா வேண்டாமான்னு நினைக்க வேண்டியது அவர். அவர்கிட்ட சொல்லியிருந்தா நாலு நாள் பஸ்ஸுல போயிருப்பார்.”

“நம்ம பேரைக் காப்பாத்தத்தான்…”

“போன்ல பேசினது நான்,” என்றாள் அண்ணி. “வண்டி ரெடின்னு மட்டும் சொல்லச் சொன்னீங்க. கவலையே இல்லாம ஓட்டுங்கன்னு நானாச் சேத்துக்கிட்டேன். யாரும் சொல்லச் சொல்லல. கேக்கறவங்களுக்கு நல்லா இருக்கட்டும்னு சொன்னேன்.”

பெரியவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். தண்ணீர் கேட்டார். ஊற்றிக் கொடுத்தாள்.

கை கழுவிவிட்டு அவர் உதிரிபாகக் கடைக்குக் கிளம்பிப் போனார். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் அண்ணி பின்பக்கம் போனாள். சின்னவர் புது ஹோஸைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழையது இருந்த இடத்திலேயே கிழிந்து கிடந்தது.

“மாட்டலையா?”

“மாட்டணும் அண்ணி. கையே வரல.”

“நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்.”

சின்னவர் அவள் முகத்தைப் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

“அண்ணன் வந்து கேட்டா?”

“நிஜத்தைச் சொல்லு. இல்ல, உனக்கு என்ன சொல்லத் தோணுதோ சொல்லு. நான் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்கறதா இல்ல.”

ஆஸ்பத்திரி நடைபாதையில் பினாயில் வாசனை. அறைக்கு வெளியே பெஞ்சில் வாலு உட்கார்ந்திருந்தாள். வலது காலை மடக்கித் தொடைக்குக் கீழே வைத்திருந்தாள். செருப்பில் ஒன்று மட்டும் தரையில் தனியாக இருந்தது.

“கால் மரத்துப் போகாதா?” என்று கேட்டபடி பக்கத்தில் உட்கார்ந்தாள் அண்ணி.

“போகட்டும் அண்ணி. அதைப் பாக்கப் பிடிக்கல.”

நர்ஸ் ஒருத்தி தள்ளுவண்டியோடு கடந்து போனாள்.

“அன்னிக்கு மிதிச்சப்ப எப்படி இருந்துச்சு?”

“எல்லாருக்கும் சொல்லியாச்சு.”

“எனக்குச் சொல்லலையே.”

வாலு பெருமூச்சு விட்டாள். பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். “மிதிச்சேன். முதல்ல கொஞ்சம் பிடிச்சுது. அப்புறம் தொப்புன்னு உள்ள போயிடுச்சு. சேத்துல கால் வச்சா போகுமே, அது மாதிரி. திரும்பத் திரும்ப மிதிச்சேன். ஆக்சிலேட்டர்தான் மிதிச்சிருக்கேன்னு அப்புறம் சொன்னாங்க.”

“ஆக்சிலேட்டர் சேறு மாதிரி இருக்காது.”

அவள் திரும்பினாள்.

“பிரேக் எண்ணெய் போற குழாய் கிழிஞ்சா மிதி அப்படித்தான் போகும்,” என்றாள் அண்ணி. போனில் வாடிக்கையாளர்களிடம் பேசுகிற அதே சமமான குரல். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. “உங்க வண்டியில அது கிழிஞ்சிருக்கு. காலையில பாத்தேன். வண்டி எங்ககிட்ட வந்தப்பவே அது வீங்கியிருந்துச்சு. எங்களுக்குத் தெரியும். உங்கப்பாகிட்ட சொல்லல. நான்தான் போன் பண்ணி நல்லா இருக்குன்னு சொன்னேன். நீ சரியான மிதியைத்தான் மிதிச்சே.”

வாலுவின் வாய் திறந்து மூடியது. கேட்டுவிட்டாளா, புரிந்ததா என்றே தெரியவில்லை.

பின்னால் பிளாஸ்டிக் பை சரசரத்தது. கண்ணாடிக்கடைக்காரர் மருந்துப் பையோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று அண்ணி கேட்கவில்லை. அவர் தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையால் துடைத்தார். துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றித் துடைத்தார்.

“காலையில நான் வந்து கேட்டப்ப நீங்க அங்கதானே இருந்தீங்க?”

“இருந்தேன்.”

“பேசல.”

“பேசல.”

அவர் கத்தியிருந்தால் தேவலை. அவர் கத்தவில்லை. மருந்துப் பையைப் பெஞ்சில் வைத்தார், அது சாய்ந்தது, நிமிர்த்தி வைத்தார்.

“நான் பாக்கணும்,” என்றாள் வாலு. ஒரு வாரத்தில் அவளாக வாயைத் திறந்து கேட்ட முதல் வார்த்தை அது என்று அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் அண்ணிக்குத் தெரிந்தது. “அப்பா, நான் அந்த வண்டியைப் பாக்கணும். இப்பவே.”

வாடகைக் காரில் மூவரும் வந்தார்கள். வாலு வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு அப்பாவின் கையைப் பிடித்திருந்தாள்.

ஒர்க் ஷாப் வாசலில் இறங்கியதும் அண்ணி பார்த்த முதல் காட்சி, காருக்குச் சக்கரம் மாட்டியிருந்ததுதான். ஜாக்கி இல்லை. நான்கு காலில் நின்றது வண்டி. பெரியவர் பக்கத்தில் நின்று கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். சின்னவர் தள்ளி நின்றார்.

மாட்டிவிட்டார்கள். புது ஹோஸ் ஏறிவிட்டது. இனி அவள் சொன்னது வெறும் வாய் வார்த்தை.

“வாங்க,” என்றார் பெரியவர். மனைவியைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், கண்ணாடிக்கடைக்காரரைப் பார்த்தார். எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை.

வாலு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கார்க் கதவு ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தது. சின்னவர் வந்து தோளால் முட்டித் திறந்துவிட்டார். அவள் உள்ளே ஏறி உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தாள். மடக்கி மடக்கி வைத்திருந்த வலது காலை நீட்டி, பிரேக்கின் மேல் வைத்தாள்.

அண்ணி பார்வையைத் தரையில் போட்டாள். மிதி கெட்டியாக நிற்கும். அந்தப் பெண் தன்னைப் பார்க்கும். அந்தப் பார்வைக்குத் தயாராக இருக்க நினைத்தாள்.

“இதேதான்.”

வாலுவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்டது.

“அப்பா, இதேதான். இங்க வந்து பாருங்க.”

கண்ணாடிக்கடைக்காரர் குனிந்து பார்த்தார். மகளின் கால் மிதியோடு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் எடுத்தாள், மறுபடி மிதித்தாள். தடையே இல்லாமல் போனது. இன்னொரு முறை. இன்னொரு முறை. அழவில்லை. மிதித்துக்கொண்டே இருந்தாள். அப்பா அவள் முழங்காலில் கை வைத்ததும்தான் நிறுத்தினாள்.

“அம்மாகிட்ட போகலாம்ப்பா,” என்றாள்.

பெரியவர் தம்பியிடம் திரும்பினார்.

“மாத்திட்டேன்னு சொன்னியே.”

“ஆமாண்ணே. பொய் சொன்னேன்,” என்றார் சின்னவர். “நீங்க வர்ற சத்தம் கேட்டதும் சக்கரத்தை மட்டும் மாட்டிட்டேன்.”

அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசிப் பழக்கமில்லை. பெரியவர் கைத்துணியைக் கீழே வைத்தார்.

கண்ணாடிக்கடைக்காரர் மகளைக் கைபிடித்து இறக்கினார். கதவைச் சாத்தப் பார்த்தார், சாத்த வரவில்லை, விட்டுவிட்டார். பெரியவரின் முன்னால் வந்து நின்றார். காலையில் கண்ணாடி சரிபார்க்க நின்ற அதே தூரம்தான்.

“ஒரு வாரம் எம் பொண்ணு பெஞ்சுல உட்கார்ந்திருந்தா. நான் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கணும்,” என்றார் பெரியவர்.

“இந்த வண்டியை யாரும் தொடக் கூடாது. அதை என்ன செய்யறதுன்னு நான் யோசிக்கணும். யார்கிட்ட போகணும், என்ன கேக்கணும், எல்லாம் யோசிக்கணும். ஆனா நாளைக்கு நீங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க. என் சம்சாரத்துக்கிட்ட நீங்களே உங்க வாயால சொல்லுங்க. அவ பொண்ணு மேல தப்பில்லன்னு நான் சொன்னா, பெத்த பாசத்துல சொல்றேன்னு நினைப்பா.”

பதிலுக்குக் காத்திருக்காமல் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வாலு வாசலில் ஒரு கணம் நின்று அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். நன்றியா, வெறுப்பா என்று அண்ணிக்குப் படிக்கத் தெரியவில்லை. இரண்டுமே இருந்திருக்கலாம்.

சின்னவர் தார்ப்பாயை எடுத்துக் காரின் மேல் போர்த்தினார். ஒரு முனை காற்றில் தூக்கிக்கொண்டது. அதைப் பிடித்துக் கட்டிவிட்டு, அண்ணனிடம் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்கு நடந்தார்.

அண்ணி மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். கைவிரல் நுனி எரிந்தது. பார்த்தாள். மத்தியானம் சுட்ட இடம் சிவந்து கொப்புளித்திருந்தது. இவ்வளவு நேரம் எப்படித் தெரியாமல் போயிற்று என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் எதிர் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார்.

“நாளைக்கு நீயும் வருவே இல்ல?”

“வரேன்.”

“எப்பவும் மாதிரி நீ முதல்ல ரெண்டு வார்த்தை பேசி ஆரம்பிச்சுடு. அப்புறம் நான்…”

“நான் ஆரம்பிக்க மாட்டேன்,” என்றாள் அண்ணி. “பக்கத்துல நிப்பேன். அவ்வளவுதான்.”

பெரியவர் வாயைத் திறந்தார். முதல் வார்த்தையைத் தேடுகிற மாதிரி உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அண்ணி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவருக்கு எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை.